மேடவாக்கம் சிக்னலுக்கும் ஏற்காடு வளைவுக்கும் ஒரே வண்டி

கேள்வியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். கேட்டவருக்கு 27 வயது, உயரம் 5 அடி 5 அங்குலம், எடை 64 கிலோ. வீடு தாம்பரம், வேலை சிறுசேரியில். போக வர தினம் 50 கி.மீ. மாதம் ஒரு தடவை சொந்த ஊரான திருவண்ணாமலை. வருடத்துக்கு மூன்று தடவை நண்பர்களோடு ஏற்காடு, கொல்லிமலை என்று ஏதாவது ஒரு மலை. வருகிற தை மாதம் கல்யாணம். மனசில் இருக்கும் வண்டிகள் யமஹா ஆர்15, டிவிஎஸ் அப்பாச்சி ஆர்ஆர் 310, சுசூகி ஜிக்ஸர் எஸ்எஃப் 250. நண்பர் ஒருவர், "ஃபேரிங்கே வேண்டாம், ட்ரையம்ப் ஸ்பீட் 400 எடு" என்கிறாராம். (ஃபேரிங் என்றால் வண்டியின் முன்பக்கத்தையும் பக்கவாட்டையும் மூடும் உறை.) வேகமும் வேண்டும், முதுகும் போகக் கூடாது, எதை எடுப்பது என்பதுதான் கேள்வி.

தம்பி, வண்டிகளை ஒப்பிடும் முன் உங்கள் மாதத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். 22 வேலை நாள், தினம் 50 கி.மீ. என்றால் 1,100 கி.மீ. திருவண்ணாமலை போய்வர 340. மலைப் பயணங்களை 12 மாதத்துக்குப் பங்கு போட்டால் மாதம் 175 வரும். கிலோமீட்டரில் பார்த்தால் மூன்றில் இரண்டு பங்கு ஆபீஸ் பாதை. நேரத்தில் பார்த்தால் இன்னும் மோசம். தாம்பரத்திலிருந்து மேடவாக்கம், சோழிங்கநல்லூர் வழியாகச் சிறுசேரி போய்ச் சேர காலையில் ஒன்றேகால் மணி நேரம் ஆகும் என்று வைத்துக்கொண்டால், மாதம் 55 மணி நேரம் அந்தக் கூட்டத்திலேயே போகிறது. ஊருக்குப் போய்வர எட்டு மணி நேரம். மலைக்கு மாதச் சராசரி நாலைந்து மணி. ஆக, வண்டி மேல் நீங்கள் உட்காரும் நேரத்தில் ஐந்தில் நாலு பங்கு முதல் மூன்று கியருக்குள்தான். ஏற்காட்டின் 20 கொண்டை ஊசி வளைவுகள் அரை மணியில் முடிந்துவிடும்.

இதனால் ஸ்கூட்டர் எடுங்கள் என்று சொல்ல வரவில்லை. அந்த அரை மணி நேரத்துக்காகத்தான் நாம் எல்லாரும் வண்டி வாங்குகிறோம், அது எனக்கும் தெரியும். ஆனால் மீதி 55 மணி நேரம் உங்களை வெறுக்க வைக்கிற வண்டியோடு மலைக்குப் போக மனசு வராது. அது எனக்கு நடந்தது.

முதல் சம்பளத் திமிரில் முழு ரேஸ் வண்டி மாதிரி ஒன்று வாங்கினேன். பெயர் வேண்டாம், வண்டி மேல் தப்பில்லை. முதல் மாதம் கண்ணாடி போட்ட கடை வாசலில் எல்லாம் என்னையே பார்த்துக்கொண்டு போனேன். மூன்றாவது மாதம் ஆபீஸ் போய் இறங்கியதும் சுண்டு விரலும் மோதிர விரலும் மரத்துப் போகும். கீபோர்டில் பத்து நிமிஷம் கழித்துத்தான் உணர்ச்சி வரும். முதுகில் லேப்டாப் பை வேறு. நாலு கிலோ பை முதுகில் தொங்கினால், குனிந்து உட்காரும் வண்டியில் அந்த பாரமும் சேர்ந்து உள்ளங்கையில்தான் இறங்குகிறது என்பது அப்போது புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை மகாபலிபுரம் போகலாம் என்று யாராவது கூப்பிட்டால் தலைவலி என்று பொய் சொல்ல ஆரம்பித்தேன். 14 மாதத்தில் விற்றுவிட்டேன்.

விசித்திரம் என்னவென்றால், அதே வண்டி திண்டிவனம் சாலையில் ஏறிவிட்டால் வலிக்கவே வலிக்காது. காரணம் காற்று. வேகம் இரண்டு மடங்கானால் காற்று உடம்பைத் தள்ளும் விசை நாலு மடங்காகும். 80, 90 இல் போகும்போது மார்பில் அறையும் காற்று உங்கள் மேல் உடம்பைக் கொஞ்சம் தாங்கிக்கொள்கிறது, மணிக்கட்டுக்குப் பாரம் குறைகிறது. 20 கி.மீ. வேகத்தில் தண்ணீர் லாரி பின்னால் ஊரும்போது காற்று எங்கே இருக்கிறது? உடம்பு முழுக்கக் கையில். ஸ்போர்ட்ஸ் வண்டியின் உட்காரும் நிலை தவறாக வடிவமைத்தது அல்ல. அது வேறு வேகத்துக்கு வடிவமைத்தது. தொடையால் டேங்கை இறுக்கிப் பிடித்து, வயிற்றுத் தசையால் உடம்பைத் தாங்கி, கையைத் தளர்வாக வைத்தால் பாதி வலி போகும் என்பது உண்மைதான். காலை எட்டரை மணிக்கு, ஆபீஸ் சட்டையில், ஒன்றேகால் மணி நேரம் அப்படி இருக்க முடியுமா என்பது உங்கள் உடற்பயிற்சியைப் பொறுத்தது.

அதனால் ஷோரூமில் முதலில் பார்க்க வேண்டியது மூன்று புள்ளிகள்: சீட், ஹேண்டில்பார், ஃபுட்ரெஸ்ட். கிளிப்-ஆன் (ஒரே கம்பியாக இல்லாமல் இரண்டு துண்டாக மாட்டும் ஹேண்டில்பார்) என்ற பெயரைக் கேட்டதும் பயப்பட வேண்டாம். அது ஃபோர்க்கின், அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் இரண்டு குழாய்களின், மேல் தட்டுக்குக் கீழே மாட்டியிருக்கிறதா, மேலே மாட்டியிருக்கிறதா என்று பாருங்கள். கீழே என்றால் குனிவு நிஜம். மேலே என்றால் பார்க்க மட்டும்தான் ரேஸ் வண்டி, உட்கார்ந்தால் கிட்டத்தட்ட சாதாரண வண்டி. ஜிக்ஸர் எஸ்எஃப் 250 இரண்டாவது ரகம். ஆர்ஆர் 310ம் முழு ஃபேரிங் வண்டிக்குக் கொஞ்சம் இரக்கமானதுதான். ஆர்15 முதல் ரகம்.

ஆர்15 கதையே இந்தக் கேள்விக்கு ஒரு பாடம் மாதிரி. 2008 இல் வந்த முதல் ஆர்15 இல் ஒரே நீள சீட், நிமிர்ந்தே ஓட்டலாம், பின்னால் ஆளும் உட்காரலாம். பார்க்க மெலிதாக இருக்கிறது என்று பையன்கள் குறை சொன்னார்கள். 2011 இல் சீட் இரண்டாகப் பிரிந்து பின்பகுதி மேலே போனது. 2018 இல் மூன்றாவது பதிப்பு, குனிவு இன்னும் கூடியது. 2021 செப்டம்பரில் நாலாவது. அதே 2021 நவம்பரில் யமஹாவே ஆர்15எஸ் என்று மறுபடி ஒரே சீட் வைத்த ஒன்றைக் கொண்டுவந்தது! பின்னால் உட்காருகிறவர்களின் குரல் கடைசியில் கம்பெனி வரை போய்ச் சேர்ந்திருக்க வேண்டும்.

இப்போது வேகம். எல்லாரும் பிரோஷரில் குதிரைத்திறனைத்தான் பார்க்கிறோம். அது தப்பில்லை, ஆனால் அந்த எண்ணுக்குப் பக்கத்தில் சின்னதாக எழுதியிருக்கும் ஆர்பிஎம்மையும் (இன்ஜின் நிமிஷத்துக்கு எத்தனை சுற்று சுற்றுகிறது என்பதையும்) பாருங்கள். ஆர்15 இன் 155 சிசி இன்ஜின் தரும் 18.4 குதிரைத்திறன் 10,000 ஆர்பிஎம்மில்தான் கிடைக்கிறது. 14.2 நியூட்டன் மீட்டர் இழுவை 7,500 இல். வால்வு திறக்கும் விதத்தை மாற்றும் விவிஏ ஏற்பாடு 7,400 வாக்கில் விழித்துக்கொள்கிறது. அதாவது அந்த இன்ஜினின் சந்தோஷம் எல்லாம் மேலே இருக்கிறது. திருகிப் பிடித்து, கியரைக் கீழே தட்டி, கத்தவிட்டு ஓட்டினால் அவ்வளவு சின்ன இன்ஜினா இது என்று ஆச்சரியமாக இருக்கும். மேடவாக்கத்தில் 3,000, 4,000 ஆர்பிஎம்மில் ஊர்ந்தால் அது சாதுவான 150 சிசி வண்டி. அவ்வளவுதான்.

ஜிக்ஸர் 250 இல் 26.5 குதிரைத்திறன், 22.2 நியூட்டன் மீட்டர். இழுவையில் ஆர்15ஐ விட ஒன்றரை மடங்குக்கு மேல். இரண்டாவது கியருக்கு இறங்காமலே பஸ்ஸைத் தாண்டலாம் என்பதுதான் இதற்கு நடைமுறை அர்த்தம். ஸ்பீட் 400 இல் 37.5 நியூட்டன் மீட்டர், அதுவும் 6,500 இலேயே. அதன் பிக்கப் வேறு சாதி.

எடையையும் சேர்த்துப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். நீங்கள், ஹெல்மெட், பை எல்லாம் 70 கிலோ என்று வைத்துக்கொள்வோம். ஆர்15 142 கிலோ, ஆக 212. ஒரு குதிரை இழுப்பது 11.5 கிலோ. ஜிக்ஸர் எஸ்எஃப் 250 161 கிலோ, ஒரு குதிரைக்கு 8.7. 2024 க்குப் பிறகு வரும் 38 குதிரைத்திறன் ஆர்ஆர் 310 174 கிலோ, ஒரு குதிரைக்கு 6.4. ஸ்பீட் 400 2023 இல் வந்தபோது 40 குதிரைத்திறன், 176 கிலோ. அதுவும் ஏறக்குறைய 6.2 தான். சரி, இப்போது பின்னால் 50 கிலோவை ஏற்றுங்கள். ஆர்15 இன் குதிரை 14.2 கிலோ இழுக்கிறது. ஜிக்ஸரின் குதிரை 10.6. புரிகிறதா? மனைவியோடு போகும் ஜிக்ஸர், நீங்கள் தனியாகப் போகும் ஆர்15ஐ விட ஒவ்வொரு குதிரைக்கும் குறைவான சுமைதான் இழுக்கிறது. உங்களுக்குக் கல்யாணம் என்று சொன்னதால்தான் இந்தக் கணக்கு.

உச்ச வேகத்தைப் பற்றி ஒரு வரி போதும். நாலு வழிச் சாலையில் இரு சக்கர வாகனத்துக்கு மத்திய அரசு 2018 இல் அறிவித்த உச்ச வரம்பே மணிக்கு 80 கி.மீ. நீங்கள் சொன்ன நாலு வண்டியும் அதைச் சிரித்துக்கொண்டே தாண்டும். 140 போகுமா 150 போகுமா என்பது டீக்கடைப் பேச்சு. அங்கேயே இருக்கட்டும்.

ஆர்ஆர் 310 மேல் எனக்கு ஒரு தனிப் பாசம் உண்டு, மறைக்கவில்லை. ஓசூரில் உருவாகும் வண்டி, பிஎம்டபிள்யூவோடு சேர்ந்து செய்த 312 சிசி இன்ஜின். அந்த இன்ஜினின் தலை திரும்பி இருக்கும்: காற்று முன்னாலிருந்து உள்ளே போகும், புகை பின்பக்கமாக வெளியேறும். சிலிண்டரும் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதால் இன்ஜினை முன் சக்கரத்துக்கு நெருக்கமாக வைக்க முடிகிறது, பின் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஸ்விங்ஆர்ம் நீளமாக இருக்க இடம் கிடைக்கிறது. வளைவில் அந்த வண்டி காட்டும் நிதானத்துக்கு இதுவும் ஒரு காரணம். நகரத்துக்கு 'அர்பன்', மழைக்கு 'ரெயின்' என்று ஓட்டும் முறைகள் உண்டு, அவற்றில் சக்தி குறைந்து சாதுவாகிவிடும். ஆனால் ஃபேரிங்குக்குள் அடைத்த முந்நூறு சிசி லிக்விட் கூல்டு இன்ஜின் எதுவாக இருந்தாலும், மே மாதம் சிக்னலில் ரேடியேட்டர் ஃபேன் ஓட ஆரம்பித்தால் சூடு உங்கள் முழங்காலுக்கும் தொடைக்கும்தான் வரும். ஜீன்ஸ் போட்டுத்தான் டெஸ்ட் ரைட் போக வேண்டும் என்று சொல்வது இதற்காகத்தான். ஷோரூமைச் சுற்றி ஐந்து நிமிஷம் ஓட்டினால் ஃபேனே ஓடாது, எல்லா வண்டியும் குளுகுளு என்றுதான் இருக்கும்.

கிளட்ச்: ஒரு நாளைக்கு எத்தனை நூறு தடவை பிடிப்பீர்கள் என்று எண்ணிப் பார்க்காதீர்கள், அழுகை வரும். அசிஸ்ட் கிளட்ச் உள்ள வண்டி என்றால் லீவர் லேசாக இருக்கும். இரண்டு விரலால் பிடித்து ஐம்பது தடவை அழுத்திப் பாருங்கள். சேல்ஸ்மேன் ஒரு மாதிரி பார்ப்பார், பரவாயில்லை.

உங்கள் உயரத்துக்குக் கால் எட்டுமா என்ற பயம் தேவையில்லாதது. ஆர்15 இன் சீட் 815 மி.மீ., ஆர்ஆர் 310 இன் சீட் 810, ஜிக்ஸர் 800. 5 அடி 5 அங்குலத்துக்கு மூன்றிலும் கால் எட்டும். சீட்டின் முன்பக்கம் எவ்வளவு குறுகலாக இருக்கிறது என்பதுதான் விஷயம், ஏனென்றால் அகலமான சீட் தொடையை விரித்துக் காலின் நீளத்தைத் தின்றுவிடும்.

இனி நம் ஊரில் யாரும் தொடாத விஷயம், பின் ஷாக். "சஸ்பென்ஷன் ரொம்ப ஹார்டு, இடுப்பு போச்சு" என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேர் அதை ஒரு தடவைகூடச் சரிசெய்து பார்த்திருக்க மாட்டார்கள். ஷோரூமிலிருந்து எந்த நிலையில் வந்ததோ அதே நிலையில், தனியாகப் போனாலும் மாமியாரோடு போனாலும். ஒரு டேப்பும் ஒரு நண்பரும் போதும். வண்டியைப் பின்னால் தூக்கிப் பிடிக்கச் சொல்லி, பின் சக்கர அச்சிலிருந்து நேர் மேலே சீட் பேனலில் ஏதாவது ஒரு ஸ்க்ரூ வரை அளந்துகொள்ளுங்கள். என் வண்டியில் 562 மி.மீ. இருந்தது. பிறகு ஹெல்மெட், பை எல்லாம் போட்டுக்கொண்டு ஏறி உட்கார்ந்து, நண்பரை மறுபடி அளக்கச் சொன்னேன். 541. அதாவது 21 மி.மீ.தான் இறங்கியிருக்கிறது. பின் சக்கரம் மொத்தம் 120 மி.மீ. ஆடக்கூடிய வண்டிக்கு, உட்கார்ந்ததும் ஏறக்குறைய அதில் 30 சதவீதம், 35 மி.மீ. வாக்கில் இறங்க வேண்டும். ஸ்ப்ரிங் என் எடைக்கு ரொம்ப இறுகி இருந்ததால் ஒவ்வொரு வேகத்தடையும் நேராக முதுகுத்தண்டில் வந்து அடித்தது. மெக்கானிக்கிடம் ஸ்பேனர் வாங்கி ப்ரீலோடை, அதாவது ஸ்ப்ரிங்கின் ஆரம்ப இறுக்கத்தை, இரண்டு படி தளர்த்தினேன். செலவு ஒரு டீ, அதுவும் அவர்தான் வாங்கிக் கொடுத்தார். உங்களுக்கு 64 கிலோ. கம்பெனி வைத்து அனுப்பும் நிலை உங்களுக்கு இறுக்கமாக இருக்கவே வாய்ப்பு அதிகம். பின்னால் ஆள் ஏறும் நாளில் திரும்ப இறுக்க வேண்டும், இல்லாவிட்டால் பின்பக்கம் உட்கார்ந்து, ஹெட்லைட் வானத்தைப் பார்க்கும், வளைவில் வண்டி சோம்பும். டயர் காற்றையும் ஸ்டிக்கரில் இருக்கிறபடி வையுங்கள். மிருதுவாக இருக்கட்டும் என்று குறைப்பதும், மைலேஜ் வரட்டும் என்று ஏற்றுவதும் வேண்டாத வேலை.

பின் சீட்டுக்கு வருவோம். ரேஸ் பாணி வண்டிகளில் அது உயரத்தில், உள்ளங்கை அகலத்தில், பிடிக்க எதுவும் இல்லாமல் இருக்கும். நீங்கள் பிரேக் பிடித்ததும் அவருடைய எடை முழுக்க உங்கள் முதுகில் சரிந்து, உங்கள் மணிக்கட்டில் வந்து முடியும். ஏற்கெனவே குனிந்திருக்கும் உங்களுக்கு அது இரட்டைச் சுமை. புடவையில் ஒரு பக்கமாக உட்காருவதை மறந்தே விடலாம். பின்னால் இருப்பவர் பிடிக்கக் கைப்பிடி இருக்க வேண்டும் என்பது மோட்டார் வாகன விதியிலேயே இருக்கிறது. அதனால் அந்தக் கம்பியைக் கழற்றிவிட்டால் அழகாக இருக்கும் என்று யாராவது சொன்னால் கேட்க வேண்டாம்.

காசு விஷயத்தில் ஒன்று கவனிக்க வேண்டும். 2025 செப்டம்பர் 22 முதல் 350 சிசி வரை ஜிஎஸ்டி 18 சதவீதம், அதற்கு மேல் 40 சதவீதம். உங்கள் பட்டியலில் முதல் மூன்றும் கோட்டுக்கு இந்தப் பக்கம். 398 சிசி ஸ்பீட் 400 அந்தப் பக்கம். ஆன்ரோடு விலையை எழுதி வாங்கி ஒப்பிடுங்கள், போன வருட வீடியோவில் சொன்ன விலையை நம்பி முடிவு செய்யாதீர்கள்.

என்னைக் கேட்டால் உங்கள் நிலைக்கு ஜிக்ஸர் எஸ்எஃப் 250. நாலு வண்டியில் பார்க்கக் கொஞ்சம் மந்தமானது அதுதான், ஒப்புக்கொள்கிறேன். திரையில் படம் காட்டாது, ஓட்டும் முறைகள் கிடையாது, இன்ஸ்டாகிராமில் யாரும் அதற்காக உருகுவதில்லை. ஆனால் ஃபேரிங் இருக்கிறது, நிமிர்ந்து உட்காரலாம், ஆயில் கூலிங் இன்ஜின், திண்டிவனம் சாலையில் 80 இல் அலட்டாமல் போகும், ஏற்காட்டில் சலிப்பும் தராது. கையில் காசு இன்னும் இருந்து, சூட்டைப் பொறுத்துக்கொள்வேன் என்றால் ஆர்ஆர் 310. அதை எடுத்தால் நான் பொறாமைப்படுவேன். ஃபேரிங் அழகு தேவையில்லை, இழுவைதான் வேண்டும் என்றால் உங்கள் நண்பர் சொன்ன ஸ்பீட் 400 தப்பான பேச்சே இல்லை. ஆனால் நெடுஞ்சாலையில் மொத்தக் காற்றும் மார்பில்தான், இரண்டு மணி நேரத்துக்கு மேல் கழுத்து சொல்லும். ஆர்15 அருமையான வண்டி. வளைவில் அவ்வளவு லேசாகச் சாய்வது இந்த நாலில் அதுதான். தனி ஆளாக, பக்கத்தில் வேலையாக, இருங்காட்டுக்கோட்டை டிராக்கில் போய் ஓட்டக் கற்றுக்கொள்ளும் ஆசையோடு ஒருவர் கேட்டிருந்தால் அதையே சொல்லியிருப்பேன். தினம் 50 கி.மீ., தை மாதம் கல்யாணம் என்று நீங்கள் சொன்ன பிறகு சொல்ல வாய் வரவில்லை. ஒருவேளை மனசு அதை விட்டு வரவே இல்லை என்றால், அதே இன்ஜினோடு நிமிர்ந்த ஹேண்டில்பார் வைத்து வரும் எம்டி-15ஐ ஒரு தடவை ஓட்டிப் பாருங்கள்.

டெஸ்ட் ரைடுக்குச் சனிக்கிழமை மத்தியானம் போகாதீர்கள், சாலை காலியாக இருக்கும். வேலை நாள் சாயங்காலம் ஆறு மணிக்குப் போங்கள். லேப்டாப் பையை லேப்டாப்போடு மாட்டிக்கொண்டு, நாற்பது நிமிஷமாவது கேளுங்கள். தர மாட்டேன் என்றால் அந்த வண்டி வைத்திருக்கும் நண்பரிடம் பெட்ரோல் போட்டுத் தருகிறேன் என்று இரவல் வாங்குங்கள். திரும்பி வந்து இறங்கியதும் சுண்டு விரலை மடக்கி நீட்டிப் பாருங்கள். அப்புறம், கட்டிக்கப் போகிறவரையும் ஒரு நாள் கூட்டிக்கொண்டு போய்ப் பின் சீட்டில் ஏறி இறங்கச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை ஏறும்போது உங்கள் தோளைப் பிடிக்கிறாரா, வண்டியைப் பிடிக்கிறாரா என்று பார்த்தாலே பாதி முடிவு தெரிந்துவிடும்.